ஒன்பதை ஏவுமுன்

விஞ்ஞானம் பயில வந்த நாம் அனைவரும் இன்று கம்ப்யூட்டரின் கடைக்கண் பார்வைக்குக் காத்திருப்பவர்கள். வானியல் படிப்பவரிடம் விண்மீன் பட்டியல் இருக்கிறது; உயிரியல் படிப்பவரிடம் மரபணு வரிசைகள் இருக்கின்றன; பொருளாதாரம் படிப்பவரிடம் குடும்பச் செலவுக் கணக்குகள். எல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்றே. துறையின் மூலை அறையில் குளிரூட்டியின் கீழே உறுமிக்கொண்டிருக்கும் ஒரு சர்வர். அதனுள் ஒரு தரவுத்தளம். பத்துப் பதினைந்து பேர் ஒரே வேளையில் அதனிடம் வேலை வாங்குகிறோம். அவர்களுள் ஒருவருடைய வேலை கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கிவிட்டால் அதை எப்படி நிறுத்துவது? இதில் நம்மிடையே வேரூன்றிவிட்ட ஒரு பழக்கத்தைக் கண்டிக்கவே இந்தப் பக்கங்களை ஆசிரியர் குழுவிடம் கேட்டு வாங்கினேன்.

அப்பழக்கத்தின் பெயர் 'கில் மைனஸ் நைன்'. ஆய்வுக்கூடத்தில் காலடி வைத்த முதல் வாரத்திலேயே நமக்குக் கிடைக்கும் உபதேசம் அது. "எது நகராமல் நின்றாலும் இதை அடி, தம்பி, தீர்ந்தது" என்கிறார் அண்ணன் ஒருவர். நாமும் அடிக்கிறோம், தீர்ந்தும் போகிறது. நம் சொந்த மடிக்கணினியில், நாமே எழுதிய சிறு நிரலுக்கு அது பொருந்தட்டும். நான் குறுக்கே நிற்கவில்லை. பலர் பங்கிட்டு ஆளும் தரவுத்தளத்தின்மீது அதை ஏவுவது பெருந்தவறு. அந்த அதிகாரத்தை நம் கையில் கொடுத்து வைத்திருப்பது அதனினும் தவறு. இதுவே என் கட்சி.

வேலை ஒன்று கட்டறுத்த காளையாவது எப்படி? பெரும்பாலும் ஒரே ஒரு வரி விடுபட்டதால்தான். இரண்டு அட்டவணைகளை இணைக்கச் சொல்கிறோம்; எதை எதனோடு பொருத்துவது என்பதைச் சொல்ல மறக்கிறோம். உடனே முதல் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் இரண்டாம் அட்டவணையின் ஒவ்வொரு வரியோடும் கைகோக்கும். இரண்டிலும் 10 இலட்சம் வரிகள் இருந்தால் விடை 1 இலட்சம் கோடி வரிகள். கேட்டவர் மடிக்கணினியை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டாலும் சர்வர் ஓய்வதில்லை. விடையை நீட்டும் வேளை வரும்வரையில், வாங்குபவர் வாசலில் நிற்கிறாரா என்று அது பொதுவாகத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அடுத்த மேசையில் இருப்பவருக்கோ, பத்து நொடியில் முடிய வேண்டிய வேலை பத்து நிமிடமாகியும் முடிவதில்லை. அவருக்குக் கோபம் வருகிறது. ஒன்பது நினைவுக்கு வருகிறது.

அந்த ஒன்பது என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் துறைகளில் பெரிதும் வழங்குவது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம். ஆதலால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 1986-இல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக் கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சியின் வழிவந்தது அது. இன்றைய பெயர் 1996-இல் ஏற்பட்டது. பல்கலைக் கழகத்தில் பிறந்த பொருள் என்பதால் அதன்மேல் எனக்குத் தனியாக ஓர் அன்பும் உண்டு. அதன் வாயிலில் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற தலைமை ப்ராசஸ் ஒன்று நிற்கிறது. (தபால் நிலையத்துக்கும் இதற்கும் உறவில்லை.) யார் வந்து கதவைத் தட்டினாலும் அவருக்கென்று தனியே ஒரு பணியாள் ப்ராசஸை அது படைத்துக் கொடுக்கிறது. பதினைந்து பேர் வந்தால் பதினைந்து பணியாட்கள். ஆள் தனித்தனி என்றாலும் அவர்கள் எழுதும் மேசை ஒன்றே. பொது நினைவகம் என்ற அந்த மேசையின்மேல்தான் எல்லாருடைய ஏடுகளும் விரித்துக் கிடக்கின்றன.

பழைய மளிகை மண்டி ஒன்றை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். நடுவே ஒரு பெரிய மேசை, சுற்றிலும் கணக்குப்பிள்ளைகள். வரவு செலவு எதுவானாலும் முதலில் குறிப்பேட்டில் ஏறும்; பிறகே பேரேட்டில் ஏறும். ஒரு கணக்குப்பிள்ளை தவறான கணக்கில் ஆழ்ந்துவிட்டார். "அது வேண்டா, நிறுத்தும்" என்று முதலாளி சொன்னால், எழுதிக்கொண்டிருக்கும் எண்ணை முடித்து, எடுத்த சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, அவர் தலையை நிமிர்த்துவார். அப்படிச் சொல்லாமல், பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டால்? அவர் எழுதிக்கொண்டிருந்தது 5000-ஆ, 50,000-இன் முற்பகுதியா? எந்தப் பெட்டியின் சாவி அவர் மடியில் போயிற்று? மேசையில் கிடக்கும் எந்தத் தாளை இனி நம்புவது? அறிவுள்ள முதலாளி ஒன்றே செய்வார். எல்லாக் கணக்குப்பிள்ளைகளையும் வெளியே அனுப்பி, கடையைச் சாத்தி, மேசையைத் துடைத்துவிட்டு, குறிப்பேட்டைப் புரட்டிப் பேரேட்டைச் சரிசெய்வார். பிறகே கதவு திறக்கும்.

போஸ்ட்மாஸ்டர் செய்வதும் எழுத்துக்கு எழுத்து இதுதான். பணியாள் ஒருவன் ஒன்பதால் மாண்டான் என்று அறிந்த அக்கணமே, பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கொண்டு, மற்றப் பதினான்கு பேரையும் அது வெளியேற்றுகிறது. வேறொரு சர்வர் ப்ராசஸ் வீழ்ந்ததால் இணைப்பைத் துண்டிக்கிறோம் என்ற அறிவிப்பு எல்லார் திரையிலும் தோன்றும். நினைவகம் புதிதாக அமைக்கப்படும். குறிப்பேடு கடைசிச் சோதனைப் புள்ளியிலிருந்து மீண்டும் படிக்கப்படும். ஆக, ஒருவனை நிறுத்த நினைத்தவர் உண்மையில் நிறுத்தியது ஊரையே.

'கில்' என்ற பெயரே இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம். அது கொலைக் கட்டளையாகப் பிறந்ததன்று. செய்தி அனுப்பும் கட்டளை. எண் எதுவும் கொடுக்காமல் அடித்தால் அது அனுப்புவது 15. 'முடித்துக்கொண்டு புறப்படு' என்பது அதன் பொருள். 2 என்பது 'கையிலுள்ளதை நிறுத்து' என்பது. இவ்விரண்டும் ப்ராசஸின் காதில் விழும். அது கேட்டு ஆவன செய்யும். 9 மட்டும் அதன் காதுக்குப் போவதே இல்லை. கெர்னல் நேரே வந்து கழுத்தைத் திருகிவிடுகிறது. சாவியை மாட்டிவிட்டுப் போகக்கூட ஒரு நொடி இல்லை.

எனக்குத் தெரிந்த ஆய்வுக்கூடம் ஒன்றில் (பெயர் வேண்டா) நடந்ததைச் சொல்கிறேன். ஆராய்ச்சி மாணவி ஒருவர், நாங்கள் அக்கா என்று அழைப்பவர், மூன்று நாட்களாகத் தம் தரவுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். விரைவாக ஏறட்டும் என்று 'அன்லாக்ட்' வகை அட்டவணைகளை வைத்திருந்தார். குறிப்பேட்டில் எழுதாமல் நேரே பேரேட்டில் எழுதும் வகை அது. வேகம் மிகுதி; விலையும் உண்டு. சர்வர் முறையின்றி வீழ்ந்து எழுந்தால், சரிபார்க்கக் குறிப்பேடு இல்லாத காரணத்தால், அவ்வட்டவணைகள் முழுவதும் தாமாகவே காலியாக்கப்படும். அன்றிரவு வேறொருவர் தம் வினா நகரவில்லை என்று கண்டார். பட்டியலில் மிக நீண்ட நேரம் ஓடுவது எதுவென்று பார்த்தார், ஒன்பதை ஏவினார். அவர் வேலை நகர்ந்தது. காலையில் அக்கா வந்து பார்த்தபோது மூன்று நாள் உழைப்பு இருந்த இடத்தில் பூச்சியம் இருந்தது. அவர் யாரையும் ஒரு சொல் கேட்கவில்லை. மீண்டும் முதலிலிருந்து ஏற்றத் தொடங்கினார். இத்தனைக்கும் மற்றவர் வேலையைத் தடுத்துக்கொண்டிருந்தது அவருடைய வினாவே அன்று!

ஆராயாமல் ஏவிய ஆணைக்கு என்ன விலை என்று சிலப்பதிகாரம் படித்த நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுவதில்லை. கொலையுண்டவன் ஒருவன், எரிந்தது மதுரை.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். "தரவுத்தளம் என்பதே வீழ்ச்சியைத் தாங்கும்படி கட்டப்பட்டது. மின்சாரம் போனாலும் பிழைப்பது, ஒன்பதால் என்ன கெட்டுவிடும்?" என்கிறார்கள் நம் கணிப்பொறித் துறை நண்பர்கள். உண்மை, உறுதிசெய்து முடித்த கணக்கு எதுவும் போகாது. பரிவர்த்தனை என்ற கருத்தை வளர்த்த ஜிம் கிரே போன்றோரின் உழைப்பு அது. அவருக்கு 1998-இல் டூரிங் பரிசு கிடைத்ததும் அதற்காகவே. ஆனால் பதினைந்து பேர் பாதி வழியில் இருக்கிறார்களே! அவர்களுடைய உறுதிசெய்யாத வேலை, தற்காலிக அட்டவணைகள், இரவெல்லாம் ஓடி விடியலில் முடிய இருந்த கணக்கு, இவற்றுக்கு அந்த உறுதிமொழி பொருந்தாது. வீடு இடிந்தால் கட்டிக்கொள்ள இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது என்பதற்காகக் கரப்பான் பூச்சியை அடிக்க யாரும் கடப்பாரையை எடுப்பதில்லை.

சரி, எப்படித்தான் நிறுத்துவது? முதற்கண் பார்க்க வேண்டும். 'பீஜீ_ஸ்டாட்_ஆக்டிவிட்டி' என்ற பட்டியல் இருக்கிறது. யார் வந்திருக்கிறார், அவருடைய பணியாளின் எண் என்ன, வினா எப்போது தொடங்கியது, ஓடுகிறதா, காத்திருக்கிறதா, எதற்காகக் காத்திருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். யார் யாரைத் தடுக்கிறார் என்பதைச் சொல்ல 'பீஜீ_பிளாக்கிங்_பிட்ஸ்' என்ற செயற்கூறு 2016 முதல் உண்டு. இந்த இரண்டையும் பார்க்காமல் கைவைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு அறுவை செய்வதற்கு ஒப்பு.

ஏனெனில் குற்றவாளி பெரும்பாலும் ஓடுகிறவன் அல்லன், உறங்குகிறவன். ஒருவர் பரிவர்த்தனையைத் தொடங்குகிறார். ஓர் அட்டவணையைத் தொடுகிறார். முடித்தேன் என்று சொல்லாமல் உணவு விடுதிக்குப் போய்விடுகிறார். அவர் பணியாள் ஒன்றும் செய்யாமல், தொட்டதன் பூட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பட்டியலில் அவன் நிலை 'ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்'. அவனால் சர்வரின் சூடு ஒரு பாகைகூட ஏறாது. பிறகு இன்னொருவர் அதே அட்டவணைக்கு ஒரு கட்டம் சேர்க்க வருகிறார், அதற்கு முழுப் பூட்டு வேண்டும், காத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவரும், வெறுமனே படிக்க வந்தவர் உட்பட, அந்த வரிசையில் நிற்க வேண்டியதுதான். கடைசியில் நிற்பவர் ஆத்திரத்தோடு திரும்பி, அதிக உழைப்பைக் காட்டுகிற ஏதோ ஒரு ப்ராசஸை வெட்டுகிறார். உழைத்தவன் சாகிறான், உறங்கியவன் உறங்குகிறான், வரிசை அப்படியே நிற்கிறது.

பார்த்த பிறகு, உரியவரைக் கேட்க வேண்டும். விடுதியில் இரண்டு அறை தள்ளி இருப்பவர்தானே! அவர் வங்காளியாயிருக்கலாம், மணிப்புரியாயிருக்கலாம், "உங்கள் வினா மூன்று மணி நேரமாக ஓடுகிறதே, தெரிந்துதானா?" என்று கேட்க நமக்குத் தெரிந்த இந்தி போதும். ஓடவேண்டிய வினாவும் மூன்று மணி நேரம் ஓடும் என்பதை மறக்கலாகாது. நீளம் வேறு, நெறிகெட்டது வேறு.

அதன் பின்னரே நிறுத்தும் பேச்சு. 'பீஜீ_கேன்சல்_பேக்கெண்ட்' என்று பணியாளின் எண்ணைக் கொடுத்தால் வினா மட்டும் நிற்கும், இணைப்பு நீடிக்கும். உறங்குகிறவனுக்கு இது உறைக்காது. அவனிடம் நிறுத்த வினாவே இல்லை. அவனுக்கும், முதல் சொல்லுக்கு இணங்காதவனுக்கும் 'பீஜீ_டெர்மினேட்_பேக்கெண்ட்'. இது 15-ஆம் எண்ணை அனுப்பி, பரிவர்த்தனையைத் திருப்பி, பூட்டுக்களை விடுவித்து, இணைப்பை மூடும். மற்றப் பதினான்கு பேருக்கும் ஒன்றும் தெரியாது. இவற்றைத் தரவுத்தளத்தின் உள்ளிருந்து ஏவுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. எண்ணைத் தவறாக அடித்து, அது போஸ்ட்கிரெஸின் பணியாள் அன்று என்றால், எச்சரித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்துவிடும். ஷெல்லில் அடிக்கும் 'கில்' அப்படிக் கேட்பதில்லை. ஓர் இலக்கம் பிசகினால் யாருடைய நிரலோ சாகும்.

அடித்தவுடன் நிற்கவில்லையே என்று பதற வேண்டா. பணியாள் தன் வேலையின் பாதுகாப்பான இடங்களில்தான் 'நிறுத்தச் சொன்னார்களா?' என்று பார்ப்பான். பெரும்பாலும் அது நொடிப் பொழுது. எப்போதும் அன்று. தரவுத்தளத்துக்குள்ளே பைத்தானில் எழுதிய செயற்கூறு முடிவிலாச் சுழலில் மாட்டிக்கொண்டால் அது கேளாது. வட்டின் பதிலுக்காகக் கெர்னலுக்குள் உறைந்து நிற்பவன் ஒன்பதையும் கேளான். அந்நிலையில் எல்லாருக்கும் நேரம் குறித்து அறிவித்து, அவரவர் வேலையை முடித்துக்கொள்ளச் செய்து, சர்வரையே முறையாக நிறுத்தித் தொடங்குவதுதான் நேர்மை. போஸ்ட்மாஸ்டருக்கே ஒன்பது கொடுப்பதோ, தொடங்க மறுக்கிறது என்று அதன் 'பிட்' கோப்பை அழிப்பதோ, எக்காரணத்தாலும் கூடாது.

மைஎஸ்க்யூஎல் வைத்திருக்கும் துறைகளுக்கு ஒரு சொல். அங்கே இணைப்புக்கு ஓர் இழைதான், ப்ராசஸ் அன்று. 'கில் குவெரி' என்றால் வினா நிற்கும். 'கில்' என்று மட்டும் சொன்னால் இணைப்பே போகும். பல இலட்சம் வரிகளை மாற்றிய வேலையைப் பாதியில் நிறுத்தினால், மாற்றியதையெல்லாம் திருப்ப நெடுநேரம் ஆகும். அதைப் பொறுக்காமல் சர்வரையே வெட்டினால், எழுந்தவுடன் அதே திருப்பும் வேலை மீண்டும் தொடங்கும். ஊரைவிட்டு ஓடினாலும் கடன் வாசலில் காத்திருக்கும். போஸ்ட்கிரெஸில் பழைய வரிகள் அப்படியே இருப்பதால் திருப்புவது விரைவு. குப்பையைப் பிறகு 'வாக்யூம்' வந்து கூட்டும்.

இரவு நேரத்துக் கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில், தரவுத்தளக் கோளாற்றோடு நெடுநேரம் போராடிய பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்று கருதி முதன்மைச் சர்வரின் தரவுகளை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியும் ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபியே மிஞ்சியது. சுமார் 6 மணி நேரத் தரவு திரும்பவே இல்லை. அந்நிறுவனமே அனைத்தையும் வெளிப்படையாக எழுதி வைத்தது. நம் கூடங்கள் அப்படி ஒரு பக்கமாவது எழுதி வைத்ததுண்டா?

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். பல கூடங்களில் எல்லா மாணவருக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். கேட்டால் வசதி என்கிறார்கள். தம் பெயரில் ஓடும் வினாவைத் தாமே நிறுத்த ஒவ்வொருவருக்கும் போஸ்ட்கிரெஸில் உரிமை உண்டு. எல்லாரும் ஒரே பெயரில் வந்தால் எல்லாருக்கும் எல்லாரையும் நிறுத்தும் உரிமை வந்துவிடுகிறது. யாரை நிறுத்துகிறோம் என்பதும் தெரியாமல் போகிறது. ஆளுக்கொரு பெயர் கொடுங்கள் என்று நாம் துறையைக் கேட்க வேண்டும். வினா இவ்வளவு நேரத்துக்குமேல் ஓடினால் தானே நிற்க 'ஸ்டேட்மெண்ட்_டைம்அவுட்' என்ற வரம்பு உண்டு. நாமாக வைக்காதவரையில் அது 0, அதாவது வரம்பே இல்லை. மாணவர் பெயர்களுக்கு அரை மணி நேரம் என்று வைக்கலாம். மிக நீண்ட வேலை உடையவர் தம் அமர்வில் கூட்டிக்கொள்ளலாம். தாமே கூட்டிக்கொள்ளலாம் என்றால் அது பூட்டாகாதே என்பீர்கள். ஆகாதுதான்; விடுபட்ட வரியைப் பிடிக்க அது போதும். உறங்குகிறவனுக்கும் 2016 முதல் அதுபோல் ஒரு வரம்பு இருக்கிறது.

ரூட் கடவுச்சொல்லை மாணவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். அதற்கு ஈடாக, சாதாரணப் பயனரின் பணியாட்களை நிறுத்த மட்டும் உரிமை தரும் 'பீஜீ_சிக்னல்_பேக்கெண்ட்' என்ற பொறுப்பைக் கூடத்துக்கு இரண்டு பேரிடம் கொடுக்கட்டும். நள்ளிரவில் பேராசிரியரை எழுப்பவும் வேண்டா; ஒன்பதை எடுக்கவும் வேண்டா. ஒன்பதை மனிதர்தாம் ஏவுவார்கள் என்பதும் இல்லை. நினைவகம் தீர்ந்தால் லினக்ஸே ஏவிவிடும். ஆகையால், மேலதிக நினைவகத்தை வாக்களிக்காதபடி கெர்னலை அமைக்கவும் சர்வர் பொறுப்பாளரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

துறை அசையும்வரையில் நாம் இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று. இணைக்கும்போது 'அப்ளிகேஷன்_நேம்' என்ற இடத்தில் உங்கள் பெயரையும் அறை எண்ணையும் எழுதுங்கள். பட்டியலைப் பார்ப்பவர் வந்து கதவைத் தட்டுவார். அவ்விடத்தில் தமிழ் எழுத்துக்களை அது ஏற்பதில்லை. சங்கத்தார் மன்னிக்க, ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.